ஜோடிக்கு 14 கிலோ

நைக்கியின் ‘ஏர்’ ஷூக்களில் குதிகாலுக்குக் கீழே ஒரு சின்னக் காற்றுப் பை இருக்கும். 1970-களின் இறுதியில் வந்த சங்கதி அது. ஓடும்போது தரையின் அடியை அந்தப் பை வாங்கிக்கொள்ளும். பெயர் ஏர் என்றாலும் பல வருடங்களாக உள்ளே அடைத்திருந்தது சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயு. மின் நிலையங்களில் பெரிய சுவிட்சுகளுக்குள் தீப்பொறியை அடக்கப் பயன்படுத்துவார்களே, அதே வாயுதான். அதன் மூலக்கூறு பெரியது. பிளாஸ்டிக் சுவர் வழியே சுலபத்தில் கசியாது, பை வருடக்கணக்கில் உப்பியபடியே இருக்கும். ஷூ செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. பூமிக்குத்தான் பெரிய கேடு. கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், கிலோவுக்குக் கிலோ சுமார் 23,000 மடங்கு வெப்பத்தை இது பிடித்துவைக்கும். ஒருமுறை வெளியே போனால் பல நூற்றாண்டுகள் காற்று மண்டலத்திலேயே தங்கிவிடும்.

இந்த வாயுவின் பயன்பாடு உச்சத்தில் இருந்த 1997-ல், அந்த ஷூக்களுக்குள் இருந்தது மட்டும் 70 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமம். வாங்கியவர்களில் யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காலடியில் அதை வைத்துக்கொண்டு பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

2006-ல் நைக்கி நைட்ரஜனுக்கு மாறியது. நைட்ரஜன் மூலக்கூறு சிறியது, கசியும். அதனால் பையின் சுவரையே பல மெல்லிய அடுக்குகளாகத் திரும்ப வடிவமைக்க வேண்டியிருந்தது. அதற்கு வருடக்கணக்கில் உழைத்தார்கள். அதே 2006 ஜூலை 4 முதல் ஃபுளோரின் வாயு அடைத்த காலணிகளைச் சந்தைக்குக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியமும் சட்டப்படி தடை போட்டது. இன்றைக்கு அந்த வாயு ஷூவில் இல்லை.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காற்றுப் பைகளை நைக்கி அமெரிக்காவில் ஓரிகான், மிசூரி மாநிலங்களில் தன் சொந்த ஆலைகளிலேயே செய்துவந்தது. அடைக்கும் வாயு எது என்பது நைக்கியின் முடிவு. வேறு யார்மேலும் பழிபோட முடியாது. மேலே சட்டம் ஒரு தேதியும் குறித்தது. பிரச்சினை தீர்ந்தது. ஷூவின் மிச்சக் கார்பன் முழுவதும் வேறு யாருடைய ஆலையிலோ, வேறு யாருடைய மின்சாரத்திலோ, வேறு யாருடைய பாய்லரிலோ இருக்கிறது. அங்கே தேதியும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை. என் ஆதங்கம் அதைப் பற்றித்தான்.

நான் ஓடுகிறவன். தேய்ந்துபோன ஒரு ஷூவைத் தூக்கிப்போட மனம் வராமல், வீட்டில் இருந்த பேப்பர் கட்டரை வைத்து அறுத்துப் பார்த்தேன். அடியில் கறுப்பு ரப்பர். அதைப் பிய்த்தால் வெள்ளை ஃபோம். அதற்குள் இன்னொரு நிறத்தில், கொஞ்சம் கெட்டியான வேறு ஃபோம். குதிகாலைப் பிடித்து நிறுத்த வளைவான ஒரு கடின பிளாஸ்டிக். மேலே வலைத்துணி, அதன்மேல் சூட்டில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள். நாக்குக்குள் ஒரு பஞ்சு, கழுத்துப் பட்டிக்குள் வேறொரு பஞ்சு. அடியில் தைத்த ஒரு துணித் தட்டு, அதன்மேல் கழற்றிப் போடும் உள்தட்டு. லேஸ், லேஸ் நுனியில் பிளாஸ்டிக், லேஸ் போகும் துளைகளுக்கு வலுவூட்டும் துண்டு. இவை எல்லாவற்றுக்கும் நடுவே பசை. மேஜை நிறைந்துவிட்டது. இதைத் திரும்பப் பிரித்து மறுசுழற்சி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று கையால் பிய்த்துப் பார்த்தால்தான் புரிகிறது. பசை விடவே மாட்டேன் என்கிறது.

2013-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே முறையாகச் செய்தார்கள். சீனாவில் தயாரான ஒரு ஆசிக்ஸ் ரன்னிங் ஷூவை எடுத்துக்கொண்டு அதன் முழு வாழ்க்கையையும் கணக்குப் போட்டார்கள். 26 வகைப் பொருட்கள், 65 பாகங்கள், 360 வேலைப் படிகள். ஒரு ஜோடிக்கு வந்த கணக்கு சுமார் 14 கிலோ கரியமில வாயு. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ வெளியாகிறது என்று வைத்தால், ஒரு ஜோடி ஷூ என்பது 20 யூனிட் மின்சாரம். மின்சாரத்தில் ஓடாத, பேட்டரி இல்லாத ஒரு பொருளுக்கு இது அதிகம். அதுவும் 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடினால் மாற்றச் சொல்லும் பொருளுக்கு.

அந்த 14 கிலோவில் சுமார் 68 விழுக்காடு தயாரிப்பில் போகிறது. மூலப்பொருளுக்கு 29 விழுக்காடு. கப்பல், கடை, பயன்பாடு, குப்பை எல்லாம் சேர்ந்தே மிச்சச் சொச்சம். மின்சாரத்தில் ஓடாத பெரும்பாலான நுகர்பொருட்களில் மூலப்பொருள்தான் பெரிய பங்கு வகிக்கும். ஷூவில் தலைகீழ். காரணம் அந்த 65 பாகங்கள். ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் ஒரு அச்சு, ஒரு இயந்திரம், ஒரு சூடு. பாகம் சில கிராம்தான் இருக்கும், ஆனால் அதைச் செய்யும் இயந்திரம் நாள் முழுக்கச் சூடாக இருக்க வேண்டும். நடு சோலின் ஃபோமை எடுத்துக்கொள்ளுங்கள். எத்திலீன் வினைல் அசிடேட் குருணையோடு நுரைக்கவைக்கும் ரசாயனத்தைக் கலந்து அச்சில் போட்டு, 170 டிகிரி வாக்கில் அழுத்திப் பிடிப்பார்கள். அச்சைத் திறந்ததும் அது படாரென்று பெரிதாகும். சில முறைகளில் அதை மறுபடி இன்னொரு அச்சில் வைத்துச் சூடாக்கி, குளிரவைத்து, சரியான வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒரே ஃபோமுக்கு இரண்டு முறை சூடு, இரண்டு முறை குளிர்ச்சி. அந்தச் சூட்டுக்கான மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் கணக்கு எகிறிவிடும். எம்ஐடி ஆய்வு சுட்டிக்காட்டியதும் சீன ஆலையின் நிலக்கரியைத்தான்.

ஆகவே “பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் நெய்த துணி” என்று ஷூ டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து எனக்குப் பெரிதாக உற்சாகம் வருவதில்லை. பாட்டில் துணியால் கொஞ்சம் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது 29 விழுக்காட்டில் ஒரு மூலையைத் தொடுகிறது. 68 விழுக்காடு ஆலைக்குள் இருக்கிறது. டப்பாவில் அதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

ஆலைக்குள் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டாலே தெரியும். ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் விடியற்காலையில் கம்பெனி பஸ் வராத ஊர் குறைவு. என் பெரியம்மா மகள் அப்படி ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சோல் ஒட்டும் லைன். ஒருநாள் உட்கார்ந்து படிப்படியாகச் சொன்னாள். அவள் சொல்லும் அப்பர் ஷூவின் மேல்பாகம், லாஸ்ட் கால் வடிவ அச்சு, பிரைமர் பசை நன்றாகப் பிடிக்க முன்னால் பூசுவது.

“அப்பரை லாஸ்ட்ல மாட்டி வரும் தம்பி. நாங்க மொதல்ல பிரைமர் அடிப்போம். அடிச்சதும் பெல்ட் ஓவனுக்குள்ள போவும். வெளிய வந்ததும் பசை. மறுபடி ஓவன். சூடா இருக்கும்போதே சோலை வெச்சி ஒட்டணும். அப்புறம் பிரஸ். அப்புறம் கூலிங்ல விடுவாங்க. எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், நிக்காது.”

“சூடு எப்படிக்கா தாங்குறீங்க?”

“சித்திரை, வைகாசியில தாங்க முடியாதுடா. வெளிய கத்திரி வெயில், உள்ள ஓவன். ஃபேன் போட்டா பசை காஞ்சிடும்னு அந்தப் பக்கம் போட மாட்டாங்க.”

நான் படித்த ‘தயாரிப்பு, 68 விழுக்காடு’ என்ற எண் இவள் நிற்கிற இடம்தான். இரண்டு ஓவன், ஒரு பிரஸ், ஒரு குளிர்பெட்டி, நிற்காத பெல்ட். பூமியைச் சூடாக்கும் புகை எங்கிருந்து கிளம்புகிறதோ, அங்கேயேதான் அந்தச் சூட்டை முதலில் வாங்குகிற முதுகும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடருக்கும் அவள் ஒட்டுகிற ஷூவுக்கும் இடையே உள்ள தொடர்பை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

சரி, பிராண்டுகளுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 2011-ல் பூமா நிறுவனம், தலைவர் யோகென் சைட்ஸ் காலத்தில், முந்தைய வருடத்துக்கான சுற்றுச்சூழல் லாப நஷ்டக் கணக்கு ஒன்றை வெளியிட்டது. இயற்கைக்குத் தாங்கள் செய்த சேதத்தைப் பணத்தில் கணக்கிட்டால் 14.5 கோடி யூரோ என்று வந்தது. அதில் பூமாவின் சொந்த அலுவலகம், கடை, கிடங்கு எல்லாம் சேர்த்து 6 விழுக்காடுதான். மிச்சம் 94 விழுக்காடு சப்ளையர்களிடம். பாதிக்கு மேல் கடைசிப் படியில், அதாவது தோல், பருத்தி, ரப்பர் போன்ற மூலப்பொருள் விளையும் இடத்தில். அன்றைக்கு ஒரு கம்பெனி தானாக முன்வந்து இதைச் சொன்னது பெரிய காரியம், அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

கார்பன் கணக்கு எழுதும் முறையில் இந்த 94 விழுக்காடு வகையறாவுக்கு ‘ஸ்கோப் 3’ என்று பெயர். சொந்தப் புகைபோக்கி ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, மற்றவர் செய்து கொடுப்பதெல்லாம் ஸ்கோப் 3. விளையாட்டுக் காலணி பிராண்டுகள் அனேகமாக ஆலை வைத்துக்கொள்வதில்லை. வடிவமைப்பதும் விளம்பரமும் விற்பனையும் அவர்களுடையது, தைப்பது வேறொருவர். ஆகவே அவர்களின் உமிழ்வு ஏறத்தாழ முழுவதுமே ஸ்கோப் 3-ல் போய் விழும். தலைமையகக் கூரையில் சோலார் வைத்து, கடைகளில் காற்றாலை மின்சாரம் வாங்கி, “எங்கள் செயல்பாடுகளில் 70 விழுக்காடு குறைப்பு” என்று அறிவிக்க முடிவது இதனால்தான். அந்த அறிக்கையில் பொய் இருக்காது. ஆனால் அந்த 70 விழுக்காடு எதில் என்று பார்த்தால், நூற்றில் சில பங்கில்.

நைக்கி 2015-ஐ அடிப்படை வருடமாக வைத்து, சப்ளை செயின் உமிழ்வை 2030-க்குள் 30 விழுக்காடு குறைப்பதாகச் சொன்னது. புரோபப்ளிகா, தி ஓரிகோனியன் என்ற இரண்டு அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட புலனாய்வின்படி, 2023 நிதியாண்டில் மொத்த உமிழ்வு 2015-ல் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அந்த நேரத்தில்தான் செலவைக் குறைப்பதாகச் சொல்லி சுற்றுச்சூழல் இலக்குகளைக் கவனிக்கும் நிலைத்தன்மைப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது. பணிநீக்கம், ராஜினாமா, இடமாற்றம் எல்லாம் சேர்த்து அந்தப் பிரிவில் சுமார் 30 விழுக்காடு பேர் இல்லாமல் போனார்கள். இலக்கு வைத்தது விளம்பரத்தில் வந்தது. இலக்கைத் துரத்த வேண்டிய ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது பத்திரிகையாளர்கள் தோண்டியதால் வெளியே வந்தது.

அடிடாஸ் விஷயத்தில் நீதிமன்றமே தலையிட்டது. 2050-க்குள் காலநிலைச் சமநிலையை (நிகர உமிழ்வு பூஜ்ஜியம் என்ற நிலையை) அடைவோம் என்று இணையத்தில் போட்டிருந்த வாசகத்தை எதிர்த்து ஜெர்மனியின் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் நியூரம்பெர்க்-ஃபூர்த் நீதிமன்றம் அந்த வாசகம் வாசகர்களைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பளித்தது. சொந்தமாகக் குறைக்கப்போகிறீர்களா, வேறெங்கோ மரம் நட்டுச் சான்றிதழ் வாங்கிச் சரிக்கட்டப்போகிறீர்களா என்பது அதில் தெளிவாக இல்லை என்பதுதான் பிரச்சினை. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. கார்பனைக் குறைத்தே ஆக வேண்டும் என்று கோர்ட் சொல்லவில்லை. சொல்வதைத் தெளிவாகச் சொல் என்றது. முதல் படிக்கு அது போதும்.

குறைக்க முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2021-ல் அடிடாஸும் ஆல்பேர்ட்ஸ் என்ற ஷூ கம்பெனியும் சேர்ந்து ஜோடிக்கு 2.94 கிலோ என்று ஒரு ரன்னிங் ஷூவைச் செய்து காட்டின. 2022-ல் ஆசிக்ஸ் 1.95 கிலோ என்று ஒரு ஷூவை அறிவித்தது, எண்ணையே ஷூவின் பெயரில் சேர்த்து. பாகங்களைக் குறைத்தார்கள், கரும்பிலிருந்து வரும் மூலப்பொருளைக் கலந்தார்கள், ஆலையில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பயன்படுத்தினார்கள். 14 எங்கே, 2 எங்கே! வழி தெரிந்த பிறகும் கோடிக்கணக்கில் விற்கிற சாதாரண மாடல்களுக்கு அது ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

“ஆலை எங்களுடையது இல்லை” என்ற பதிலை இந்தத் தொழில் முன்பும் சொல்லியிருக்கிறது. 1990-களில் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் ஷூ ஆலைகளின் கூலியும் வேலைநேரமும் வெளியே வந்தபோது முதலில் வந்த பதில் அதுவே. 1997-ல் வியட்நாமில் நைக்கிக்கு ஷூ செய்த ஓர் ஆலையின் தணிக்கை அறிக்கை கசிந்தது. பசையிலிருந்து வரும் டொலுவீன் ஆவி சில இடங்களில் உள்ளூர்ச் சட்ட வரம்பைப்போல் 177 மடங்கு வரை இருந்ததாக அதில் இருந்தது. மாணவர்களும் தொழிற்சங்கங்களும் பத்திரிகைகளும் விடவில்லை. 1998 மே மாதம் நிறுவனர் ஃபில் நைட் வாஷிங்டனில் மேடையேறி, ஷூ ஆலைகளில் 18 வயதுக்குக் கீழ் ஆள் எடுப்பதில்லை, ஆலைக் காற்று அமெரிக்கத் தரத்தில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். கரைப்பான் பசை போய் தண்ணீர்ப் பசை பெருமளவு வந்தது. 2005-ல் நைக்கி தன் சப்ளையர் ஆலைகளின் பட்டியலையே வெளியிட்டது. ஆலை யாருடையதாக இருந்தாலும் ஆர்டர் கொடுப்பவனுக்குப் பொறுப்பு உண்டு என்று அன்றைக்கு ஏற்றுக்கொள்ள வைத்தார்கள். பசைக்கு ஏற்றுக்கொண்டதைப் புகைக்கு ஏன் ஏற்றுக்கொள்ளக்கூடாது?

இன்றைக்கு நைக்கியின் காலணிகளில் பாதி வியட்நாமில் தயாராகிறது. அந்த நாட்டின் மின்சாரத்திலும் ஏறத்தாழ பாதி நிலக்கரி. பெரிய ஆலைகள் சோலார், காற்றாலைக் கம்பெனிகளிடமிருந்து நேரடியாக மின்சாரம் வாங்க அங்கே வழி இல்லாமல் இருந்தது. பிராண்டுகளும் சேர்ந்து பல வருடம் கேட்ட பிறகு 2024 ஜூலையில் அதற்கான அரசாணை வந்தது. பிராண்டுகள் மனம் வைத்தால் ஒரு நாட்டின் மின்சார விதியையே அசைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இப்போது அந்தத் தையல் இயந்திரங்கள் நம் பக்கம் வருகின்றன. செய்யாறில் 2000-களிலிருந்தே நைக்கி ஷூக்கள் தயாராகின்றன. 2022-ல் தமிழ்நாடு காலணிக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. தைவானின் பௌ சென் என்ற ஷூ தயாரிப்பு நிறுவனம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு 2,302 கோடி ரூபாய் முதலீட்டோடு ஒப்பந்தம் போட்டது. ஹோங் ஃபு என்ற இன்னொரு ஷூ தயாரிப்பு நிறுவனம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 1,500 கோடியில் ஆலைக்கு 2024 இறுதியில் அடிக்கல் நாட்டியது, 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. பெரம்பலூர், அரியலூர் பக்கமும் வந்துவிட்டது. வேலை வருவதில் எனக்கு முழு மகிழ்ச்சி. எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் மாதச் சம்பளம் வந்த பிறகு வீடுகளில் என்ன மாறியது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் மனம் கொஞ்சம் பதறும். காலணித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கி, 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழானதாக உச்ச நீதிமன்றத்தில் பதிவானது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஆழமாக வேர்விட்டது இந்தத் தீர்ப்பில்தான். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், இழப்பீட்டுக்கு ஓர் ஆணையம் என்று உத்தரவுகள் வந்தன. நாட்டுக்கே முன்மாதிரித் தீர்ப்பு.

அதில் அந்தத் தோலை ஷூவாக வாங்கிப்போன வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. பழி, அபராதம், சுத்திகரிப்புச் செலவு எல்லாம் உள்ளூர் முதலாளிமேல் விழுந்தது. கெட்ட கிணறு உள்ளூர் விவசாயிக்கு மிஞ்சியது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் பாலாறு மறுபடி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. முதல் தீர்ப்புக்கு 28 வருடம் கழித்தும் இழப்பீட்டையும் சீரமைப்பையும் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

கார்பனும் இதே வழியில் போகும் என்பது என் பயம். நாளைக்கு ஐரோப்பாவோ கலிஃபோர்னியாவோ சட்டத்தை இறுக்கும். கலிஃபோர்னியா ஏற்கெனவே 100 கோடி டாலருக்கு மேல் வருமானமுள்ள கம்பெனிகள் ஸ்கோப் 3 கணக்கையும் காட்ட வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டுவிட்டது. பிராண்டு அந்தக் கட்டாயத்தை அப்படியே கீழே தள்ளும்: உன் ஆலையின் உமிழ்வை இத்தனை குறை, ஜோடியின் விலை மட்டும் பழைய விலை. ஆலை முதலாளி அதை எங்கே ஈடுகட்டுவார்? ஒட்டும் லைனில் ஒரு ஆளைக் குறைத்து, மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கைக் கூட்டித்தான்.

வேறு வழி இருக்கிறது, அதுவும் இந்த மாநிலத்தில் நன்றாகவே இருக்கிறது. முப்பந்தல், பல்லடம், உடுமலை என்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிற மாநிலம் இது. கோவை, திருப்பூர் மில்காரர்கள் 1990-களிலிருந்தே சொந்தக் காற்றாலை போட்டு மில்லை ஓட்டியவர்கள். பல ஆலைகள் சேர்ந்து 26 விழுக்காடு பங்கு போட்டு, உற்பத்தியில் 51 விழுக்காட்டைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த மின்சாரமாகவே கணக்காகும் என்று விதியும் இருக்கிறது. தேவைப்படுவது முதலீடு. அந்த முதலீட்டுக்கு வங்கியில் கடன் வாங்க, ஷூ ஆலையின் கையில் நீண்டகால ஆர்டர் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டும் பிராண்டை நம்பி எந்த முதலாளி 15 வருடக் கடன் எடுப்பார்? பிராண்டு செய்ய வேண்டியது இது: பத்து வருடத்துக்கு எழுத்தில் ஆர்டர் கொடுப்பது, மாறும் செலவில் தன் பங்கை ஜோடி விலையில் சேர்ப்பது. நிலமும் மானியமும் கொடுக்கிற மாநில அரசும் எந்த எரிபொருளில் ஆலை ஓடும் என்பதை நிபந்தனையில் எழுதலாம். ஒருமுறை நிலக்கரி பாய்லரை நிறுவிவிட்டால் அது 20 வருடம் அங்கேயே நிற்கும். ஆலைகள் எழும்பும்போதே கேட்டால்தான் உண்டு.

2005-ல் போராடி வாங்கிய அந்த ஆலைப் பட்டியல் இன்றும் இணையத்தில் இருக்கிறது. செய்யாறு ஆலையைத் தேடினால் முகவரி வரும், தொழிலாளர் எண்ணிக்கை வரும், அதில் பெண்கள் எத்தனை விழுக்காடு என்றும் வரும். அதில் இன்னும் சில கட்டங்கள் சேர வேண்டும்: ஆலை வாங்கும் மின்சாரம் எதிலிருந்து, பாய்லரில் எரிவது எது, ஜோடிக்கு எத்தனை கிலோ, போன வருடம் எத்தனை, அதைக் குறைக்க பிராண்டு எவ்வளவு பணம் கொடுத்தது. மின் ரசீதும் விறகு ரசீதும் ஆலையில் இருக்கின்றன. கணக்குப் போடத் தனி ஆராய்ச்சி வேண்டாம், வெளியிடச் சொன்னால் போதும்.